நாலு வெள்ளிக்கு ஏழு ரூபாய்: நம் சனிக்கிழமைக் கணக்கு வகுப்பின் கதை

பொன்விழா மலருக்குச் சங்க வரலாற்றின் ஒரு பகுதியை எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பெரியவர்கள் ஜனாஸா உதவி, கல்வி நிதி, நோன்புக் கஞ்சி என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சனிக்கிழமை மாலைக் கணக்கு வகுப்பு. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகத்தில் பட்டயம் பெற்றவன். சென்னையிலிருந்து மளிகைச் சரக்கு வரவழைத்து இங்கேயும் ஜொகூரிலும் கொடுத்து வாங்குகிறேன். வரலாறு எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த வகுப்பில் பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறேன், இன்று கரும்பலகைப் பக்கம் நிற்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்குச் சங்கம் கணிதத் துணைப்பாடம் நடத்தியது அனைவருக்கும் தெரியும். அதற்குள்ளே அரை மணி நேரம் ஒதுக்கி நாணய மாற்றுக் கணக்கு மட்டும் தனியாகச் சொல்லித் தந்தது பலருக்கு மறந்திருக்கும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் என் நன்னா, அதாவது என் அம்மாவின் அத்தா, மர்ஹூம். ராஃபிள்ஸ் பிளேசில் நாணய மாற்றுக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து, பிறகு அதே தொழிலில் பங்காளியானவர். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு நன்னாவோ, பெரியத்தாவோ, மாமுவோ இருந்திருப்பார்.

இந்த ஊரில் நாம் டாலரை 'வெள்ளி' என்கிறோம். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேதான் கதை தொடங்குகிறது. கப்பல் துறைமுகமாக இந்தத் தீவு வளர்ந்தபோது கடைத்தெருவில் ஓடியது ஸ்பானிய வெள்ளிக்காசும் பின்னர் மெக்சிக்க வெள்ளிக்காசும். அதன் ஓரம் பற்பல்லாக வெட்டியிருக்கும். பல்பல்லான விளிம்பு என்ற பொருளில்தான் மலாயில் 'ரிங்கிட்' என்ற பெயரும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோ அரசாங்கக் கணக்கை இந்திய ரூபாயில் எழுதியது. புத்தகத்தில் ரூபாய், கடையில் வெள்ளி. செம்புச் சில்லறைக்கும் கம்பெனிக் காசையே சட்டமாக்க 1855ல் முயன்றபோது இங்குள்ள வணிகர்கள் கூடி எதிர்த்தார்கள். 1867 ஏப்ரல் 1ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தை விட்டு நேரடியாக லண்டனின் கீழ் போன பிறகுதான் ரூபாய்க் கணக்கு ஒழிந்தது. சூலியா பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் எழுந்த காலத்திலிருந்து அதுவரை இங்கு பிழைத்த நம் முன்னோர் நாள்தோறும் இரண்டு நாணயத்தில் யோசித்தவர்கள் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தப்பாகக் கணக்குப் போட்டால் அன்றைய சோற்றில் குறையும், அவ்வளவுதான்.

நன்னா வகுப்பில் முதலில் சொன்ன வாய்ப்பாடு இரண்டே வரி. நாலு வெள்ளிக்கு ஏழு ரூபாய். ஒன்பது வெள்ளிக்குப் பதினாலு ரூபாய்.

முதல் வரி அவருடைய அத்தா காலத்தது. 1906ல் இங்குள்ள வெள்ளியைப் பிரிட்டிஷ் பவுனோடு கட்டினார்கள். ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். அப்போது இந்திய ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். 28ஐ 16ஆல் வகுத்தால் ஒன்றேமுக்கால். ஆகவே நாலு வெள்ளிக்கு ஏழு ரூபாய். முதல் உலகப் போரின் நடுவில் வெள்ளி உலோகத்தின் விலை ஏறி ரூபாய் ஆட்டம் கண்டது. பிறகு 1927ல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸில் நிறுத்தினார்கள். 28க்கு 18 என்றால் ஒன்பதுக்குப் பதினாலு. இந்த இரண்டாம் வரி ஏறக்குறைய நாற்பது ஆண்டு நின்றது. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு மட்டும் விலக்கு. அந்த நோட்டு 1945ல் வெறும் காகிதமானதையும், அதைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டதையும் நன்னா சொல்லுவார். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

நூறு வெள்ளி ஊருக்கு அனுப்பினால் எவ்வளவு? கால்குலேட்டர் இல்லாமல் நன்னா சொன்ன வழி இது. தொகையை வை. அதில் பாதியைக் கூட்டு. அந்தப் பாதியில் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டு. தொண்ணூறு வெள்ளி என்றால் 90, பிறகு 45, பிறகு 5. மொத்தம் 140 ரூபாய். நூறு வெள்ளி என்றால் 155 ரூபாயும் கிட்டத்தட்ட 9 அணாவும். அணா என்றதும் எங்கள் வகுப்பு விழித்தது. ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல்தான் இந்தியாவில் ரூபாய்க்கு நூறு காசு. தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று பெயர். ஆகவே திண்ணைப் பள்ளியில் கால், அரைக்கால், வீசம் என்று ஓதியவருக்கு அணாக் கணக்கு தாய்ப்பால் மாதிரி. அதே ஆள் கப்பலேறி இங்கு வந்தால் நூறு காசு ஒரு வெள்ளி. கிளிஃபர்ட் படகுத்துறையில் இறங்கிச் சேஞ்ச் ஆலிக்குள் நுழையும் கப்பல்காரனிடமோ 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 16, 100, 240. மூன்று அடிப்படையையும் ஒரே மூளையில் வைத்துக்கொண்டு, நாலைந்து மொழியில் பேரம் பேசியவர்களைத்தான் நாம் 'அந்தக் காலத்தில் படிக்காதவர்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

சேஞ்ச் ஆலியைப் பார்க்காத பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ராஃபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய சந்து அது. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். 1989ல் மூடி இடித்துவிட்டார்கள். இப்போது அதே பெயரில் இருப்பது குளிரூட்டிய வேறு இடம்.

இனி எங்கள் வீட்டுத் தகரப்பெட்டிக்கு வருகிறேன். வகுப்பு ஏன் தொடங்கியது என்பதற்கு அம்மா சொல்லும் காரணம் அதுதான். மாமு அதை ஒத்துக்கொள்வதில்லை. சங்கத்தில் பத்துப் பேர் கூடி எடுத்த முடிவை நம் வீட்டுச் சண்டையோடு முடிச்சுப் போடாதே என்பார். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. அதற்கு முந்தைய வாரம் நன்னா தன் தங்கை கல்யாணத்துக்கென்று 500 வெள்ளியை ஊருக்கு அனுப்பியிருந்தார். ஒன்பதுக்குப் பதினாலு கணக்கில் அது 777 ரூபாய் 78 காசு. ஒரு வாரம் பொறுத்திருந்தால் வெள்ளிக்கு 2.45 வீதம் 1,225 ரூபாய். வித்தியாசம் 447 ரூபாய். அந்தக் காலத்து ஊர்க் கல்யாணத்தில் அது என்ன தொகை என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஆனால் இதற்காக நன்னா வருந்தியதாக யாரும் சொல்லவில்லை. "வரப்போறது யாருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்று விட்டுவிட்டாராம். அவர் வகுப்பில் இதைச் சொன்னது வேறொரு காரணத்துக்காக. ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு குறைந்தது என்று பத்திரிகை எழுதியது. நம் கையில் கிடைத்த ரூபாயோ 57.5 விழுக்காடு கூடியது. ஒரே நிகழ்ச்சிக்கு எப்படி இரண்டு விழுக்காடு? உயர்நிலை மாணவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். எதை அடியாக வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. 4.76ஐ 7.50ஆல் வகுத்துப் பாருங்கள், பிறகு 7.50ஐ 4.76ஆல் வகுத்துப் பாருங்கள்.

அவர் வருந்தியது அடுத்த ஆண்டு நடந்ததற்கு.

1967 ஜூன் 12ஆம் தேதி சிங்கப்பூரும் மலேசியாவும் புருணையும் தனித்தனியே நாணயம் வெளியிட்டன. அதுவரை மூன்று இடத்துக்கும் பொதுவாக இருந்தது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய ஒரு வெள்ளி என்று மாற்றிக்கொள்ளலாம், அவசரம் ஏதுமில்லை, இரண்டும் செல்லும். நன்னி, உழவர் எருமை பூட்டி உழும் படம் போட்ட பழைய பத்து வெள்ளி நோட்டுகளில் 34ஐத் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். இட்லி மாவு விற்றுச் சேர்த்தது. ஆர்க்கிட் பூப் போட்ட புதுநோட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. எருமை நோட்டு பழகிய நோட்டு. நன்னாவும் மாற்றச் சொல்லவில்லை. ஒன்றுக்கு ஒன்றுதானே, எப்போது மாற்றினால் என்ன?

நவம்பர் 18ஆம் தேதி பிரிட்டன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. 2.80 அமெரிக்க டாலராக இருந்த பவுன் 2.40 ஆனது. புதிய சிங்கப்பூர் வெள்ளி பவுனோடு இறங்கவில்லை. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டதாகையால் கூடவே இறங்கியது. ஒரு வாரம் முன்பு ஒரு வெள்ளியாக இருந்தது 85 காசு. 2.40ஐ 2.80ஆல் வகுத்தால் 0.857 வரும், அந்தக் கணக்குத்தான். பினாங்கில் இதற்காக ஹர்த்தால் நடந்து, அது கலவரமாகவே முடிந்தது.

எங்கள் வீட்டில் கலவரம் எதுவும் இல்லை. நன்னி பெட்டியைத் திறந்து எண்ணினார். 34 நோட்டும் இருந்தன. "எல்லாம் இருக்கு, ஆனா அம்பத்தோரு வெள்ளி போச்சுங்கிறீங்க. யார் எடுத்தா?" என்று நன்னாவைக் கேட்டாராம். 340ல் 85 விழுக்காடு 289. போனது 51. கணக்கு சரி. கேள்விக்கு மட்டும் நன்னாவிடம் பதில் இல்லை. நாள் முழுதும் ஊரார் நோட்டை மாற்றிக் கொடுக்கும் மனிதர், ஐந்து மாதம் வாய்ப்பிருந்தும் தன் வீட்டுப் பெட்டியை மாற்றவில்லை. அதைவிட, நோட்டின் விலை ஏன் மாறும் என்று ஒருநாளும் வீட்டில் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை. நன்னி திட்டவில்லை. அதற்குப் பிறகு மாவு விற்ற காசை அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதை எனக்குச் சொன்னவர் நன்னிதான், சிரித்துக்கொண்டே சொன்னார். நன்னா இந்தக் கதையில் ஒருபோதும் சிரித்ததில்லை.

சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் துணைப்பாட வகுப்பு வந்தபோது, நாணய மாற்றுக் கணக்கைப் பெண்பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று நின்றவர் நன்னா என்பது வரை மாமுவும் ஒத்துக்கொள்கிறார். பெண்பிள்ளைக்கு எதற்குச் சேஞ்ச் கணக்கு என்று அன்று கேட்டவர்களும் இருந்தார்களாம். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்த என் அம்மா அந்த வகுப்பின் முதல் அணியில் உதவியாளராக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946ல் தொடங்கிய அந்தப் பள்ளி 1982ல் மூடப்பட்டது. அம்மா இன்றும் வகுத்தலைத் தமிழில்தான் முணுமுணுப்பார்.

அந்த நேரத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரு தேவையும் கூடியிருந்தது. 1967 முதல் 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. ஜொகூர் பாருவிலிருந்து வருபவருக்கு நாணய மாற்றுக் கடையில் வேலையே இல்லை. 1973 மே 8ஆம் தேதி மலேசியா அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே சிங்கப்பூர் வெள்ளி மிதக்க விடப்பட்டது. புருணையோடு மட்டும் ஒன்றுக்கு ஒன்று இன்றும் தொடர்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்து எடுத்த நம் குடும்பங்களுக்கு அன்றுமுதல் ஒவ்வொரு பெருநாள் காசும் ஒரு கணக்கானது. இன்று ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஒன்றுக்கு ஒன்று என்று வாழ்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் அந்த வகுப்புக்குப் போனது 1998ல், பத்து வயதில். ஆசியா முழுதும் நாணயம் சரிந்த நேரம். முந்தைய ஆண்டு நடுவில் அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது, 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. செப்டம்பரில் மலேசியா 3.80 என்று ஆணியடித்தது. அதோடு, அக்டோபர் 1 முதல் நாட்டுக்கு வெளியே ரிங்கிட் செல்லாது, பயணி ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொண்டுவரவோ கொண்டுபோகவோ கூடாது என்றும் அறிவித்தது. அந்த செப்டம்பர் மாதம் நன்னா கடையில் ரிங்கிட்டை எண்ணிக் கட்டிய வேகம் எனக்கு நினைவிருக்கிறது. ரப்பர் வளையம் போதாமல் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நாடா வந்தது. இருந்தும் சனிக்கிழமை வகுப்பை அவர் தவறவிடவில்லை. கையில் மை வாடையோடு வந்து நின்றார்.

அவர் முறை பள்ளி முறையிலிருந்து வேறு. பள்ளியில் கேள்வி இப்படி வரும்: ஒரு வெள்ளிக்கு இத்தனை ரிங்கிட், ஐம்பது வெள்ளிக்கு எத்தனை? பெருக்கு, முடிந்தது. கடைப் பலகையில் அப்படி இருக்காது. அங்கே நூறு ரிங்கிட்டுக்கு எத்தனை வெள்ளி என்று தலைகீழாக இருக்கும், அதுவும் இரண்டு விலை இருக்கும். 'வாங்கும் விலை', 'விற்கும் விலை'. வாங்குவது யார், விற்பது யார்? பிள்ளைகள் தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். "நாந்தானே ரிங்கிட் வாங்கறேன், அப்ப வாங்கும் விலைதான் எனக்கு" என்று எல்லாப் பிள்ளையும் ஒருமுறை சொல்லும். நானும் சொன்னேன். நன்னா என்னை மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "இப்ப நீ கடைக்காரன். பலகை உன்னோடது. அதுல இருக்கறது உன் பேச்சு" என்றார். அதற்குப் பிறகு இந்த இடத்தில் நான் தப்பியதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பலகையில் நூறு ரிங்கிட்டுக்கு வாங்கும் விலை 29.80, விற்கும் விலை 30.40 என்று வைத்துக்கொள்வோம். அத்தம்மா வீட்டுக்குப் போக ஆயிரம் ரிங்கிட் மாற்றுகிறோம். கடை நமக்கு விற்கிறது, ஆகவே 304 வெள்ளி. பயணம் ரத்தாகிவிட்டது, அதே ஆயிரத்தை மாலையில் திருப்பிக் கொடுக்கிறோம். கடை நம்மிடம் வாங்குகிறது, 298 வெள்ளி. எதுவும் வாங்காமலே 6 வெள்ளி செலவு. இது ஏமாற்று இல்லை. கடை வாடகை, உரிமம், வேலையாள் சம்பளம், நோட்டைக் கையில் வைத்திருக்கும் ஆபத்து எல்லாம் அந்த அறுபது காசுக்குள்தான் இருக்கிறது. இரண்டு விலைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்தவருக்கு எந்தக் கடை நியாயமானது என்று கேட்காமலே தெரியும்.

கணக்குப் போடும் முன் மதிப்பிடு என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். விடை கூடுமா குறையுமா? வெள்ளியை ரூபாயாக்கினால் எண் பெருக வேண்டும். குறைந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறாய். அதோடு அலகு. ரூபாய்க்கு நூறு, வேறொன்றுக்கு ஆயிரம், இன்னொன்றுக்குப் பத்தாயிரம் என்று பலகையில் அலகு மாறும். புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தால் ஒரு மாதச் சம்பளம் போகும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும்.

முதல் வகுப்பை அவர் மார்க்கச் சட்டத்திலிருந்துதான் தொடங்குவார். தங்கத்துக்குத் தங்கம் என்று ஒரே இனத்தை மாற்றினால் எடை சமமாகவும் அந்த இடத்திலேயே கைமாறுவதாகவும் இருக்க வேண்டும். இனம் வேறானால் விலை நம் சம்மதப்படி, ஆனால் அப்போதும் கையோடு கை முடிய வேண்டும், நாளை தருகிறேன் என்பது ஆகாது. நாணய மாற்றில் கடன் வட்டியாகிவிடும் என்ற கவலை இந்தத் தொழிலில் இருந்த நம் பெரியவர்களுக்கு எப்போதும் இருந்தது. இளம் வாசகர்கள் இதை ஆலிம்களிடம் விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் ஊருக்குப் பணம் போன வழிகளைப் பற்றியும் மூடி மறைக்காமல் எழுத வேண்டும். உண்டியல்காரரிடம் கொடுத்து அனுப்பியவர்கள் நம்மில் ஏராளம். வங்கிக்குப் போகத் தயங்கியவர்களுக்கு, வீட்டு வாசலில் ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்த நம்பிக்கையான ஆட்கள் இருந்தார்கள். சொன்ன விலையை மாற்றி, நூறுக்கு ஐந்து, ஆறு என்று நறுக்கியவர்களும் இருந்தார்கள். கணக்குத் தெரியாத தொழிலாளிக்குத் தன்னிடம் நறுக்கப்பட்டதே தெரியாது. இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று 1979லேயே சட்டம் வந்தது. 2020 ஜனவரி முதல் அதன் இடத்தில் கட்டணச் சேவைகள் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாத ஆளிடம் கொடுத்துப் பணம் போனால் கேட்க நாதியில்லை. நன்னா தொழிலில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்ல அவருக்குச் சங்கடம் இருந்திருக்கும். இருந்தும் வகுப்பில் சொன்னார்.

அவர் 2004ல் காலமானார். வகுப்பு சில ஆண்டுகள் நின்று, பிறகு விட்டுவிட்டு நடந்து, நான் எடுத்துக்கொண்டபோது ஏழு பிள்ளைகள்தான் இருந்தார்கள். இப்போதைய உயர்நிலைக் கணிதப் பாடத்திட்டத்தில் வட்டி, வரி, தவணையோடு நாணய மாற்றும் இருக்கிறது. அது நல்லது. ஆனால் தேர்வுக்குப் படிப்பதும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பதும் ஒன்றல்ல.

கடந்த ஆண்டு செயற்குழுவில் இளைஞர் ஒருவர், போனே எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும்போது இந்த வகுப்பு எதற்கு, அந்த நேரத்தில் கணினி நிரல் சொல்லித் தரலாமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அன்றே பதில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். போன் காட்டுவது சந்தையின் நடு விலை. அந்த விலையில் நமக்கு யாரும் தர மாட்டார்கள். என் தங்கை மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி. மலேசியாவில் ஒரு கடையில் 420 ரிங்கிட்டுக்குத் துணி எடுத்துக் கார்டை நீட்டியிருக்கிறாள். சிங்கப்பூர் வெள்ளியில் செலுத்துகிறீர்களா, ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டது. நம் காசுதானே புரியும் என்று வெள்ளியை அழுத்தினாள். 134 வெள்ளி 40 காசு. நூறு ரிங்கிட்டுக்கு 32 வெள்ளி வீதம் போட்டிருக்கிறார்கள். கையில் 30.40க்கு மாற்றிய ரிங்கிட் இருந்திருந்தால் 127 வெள்ளி 68 காசு. ஆறு வெள்ளி எழுபத்திரண்டு காசு ஒரு பொத்தானில் போனது. நன்னி கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள், ஆங்கிலத்தில்.

நன்னியைப் பற்றி இன்னொன்று. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். ஊருக்குப் போய்வந்த மிச்சமாக அதே தகரப்பெட்டியில் 500 ரூபாய் நோட்டு 12 இருந்தன. 6,000 ரூபாய். அப்போதைய விலையில், வெள்ளிக்கு 48 ரூபாய் என்று வைத்தால் 125 வெள்ளி. வெளிநாட்டில் இருந்த இந்தியக் குடிமக்களுக்கு மறு ஆண்டு ஜூன் வரை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் மாற்ற வழி இருந்தது. சிங்கப்பூர்க் குடிமகளான நன்னிக்கு அதுவும் இல்லை. நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எருமை இல்ல. ஆனா அதே வேலதான்" என்றார். பிறகு, "இந்த வாட்டி யாரும் எடுக்கல, எனக்குத் தெரியும். எங்கயோ ஒரு ஆபீசுல எழுதிட்டாங்க" என்றார்.

அந்தப் பன்னிரண்டு நோட்டும் இப்போது வகுப்பில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், இதுக்கு இன்னிக்கு ரேட் என்ன?" என்பதுதான். அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

இப்போது 19 பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களில் 11 பேர் பெண்பிள்ளைகள். நேரம் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு. வகுப்பைத் தொடர்வதா என்பதைச் செயற்குழு ஆண்டு இறுதியில் முடிவு செய்யும். கணினி நிரல் வகுப்பும் வரட்டும், இரண்டுக்கும் நேரம் இருக்கிறது என்பது என் கருத்து. வாசிக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய ரேட் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, அணாக் கணக்கு எழுதிய நோட்டு எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் என்னிடம் தாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். எருமை போட்ட பத்து வெள்ளி நோட்டு ஒன்றும் தேவைப்படுகிறது. நன்னி தன் 34ஐயும் 85 காசு வீதம் மாற்றிவிட்டார், ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.